ஸ்நார்க் என்னும் சிறு கலம்

நிலத்தில் வாழ்வார்க்குக் கடல் ஓர் எல்லை. கடலோடிகளுக்கு அதுவே பெருவழி. அப்பெருவழியிலே சரக்கேற்றிச் செல்வோர் பலர். போர் கருதிச் செல்வோர் சிலர். இவ்விரண்டும் இன்றி, தீவுகளைக் கண்டுவர வேண்டும் என்னும் வேட்கை ஒன்றாலேயே சிறு பாய்க்கலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாகப் புறப்பட்டோரும் உளர். அத்தகைய இணையர் ஒருவரின் பயணத்தை இப்பாடத்திற் காண்போம். கணவர் ஜாக் லண்டன், மனைவியார் சார்மியன். இருவரும் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பகுதியினர்.

ஜாக் லண்டன் 1876-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். வறுமை அவரை இளமையிலேயே தொழிற்சாலைக்கு அனுப்பியது. பதினைந்து வயதில் ஒரு சிறு பாய்ப்படகை உடைமையாக்கிக் கொண்டு, அவ்வூர் விரிகுடாவில் இருளில் சிப்பி திருடும் கூட்டத்தோடு சேர்ந்து திரிந்தார். இதனை அவரே மறையாது எழுதியுள்ளார். பதினேழாம் வயதில் கடல்நாய் வேட்டைக் கப்பலொன்றில் மாலுமியாகி ஜப்பான் நாடுவரை சென்று வந்தார். பின்னர்ப் பொன் தேடி வடதுருவப் பனிநாட்டிற்குச் சென்றார். பொன் கிடைக்கவில்லை, கதைகள் கிடைத்தன. 1903-இல் வெளிவந்த அவருடைய 'கானகத்தின் அழைப்பு' என்னும் நூலின் தலைவன் ஒரு நாய். அந்நூல் அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது. 1905-இல் அவர் சார்மியனை மணந்தார். அவ்வம்மையார் குதிரையேற்றத்தில் வல்லவர். தட்டெழுத்துப் பொறியை விரைந்து இயக்குபவர். அச்சம் இன்னதென்று அறியாதவர். இக்குணங்கள் அனைத்தும் பின்னாளிற் பயன்பட்டன.

ஒருநாள் நீராடு குளத்தின் கரையில் மணலிற் படுத்திருந்தபோது ஜோசுவா ஸ்லோகம் என்பாரைப்பற்றிய பேச்சு எழுந்தது. அவர் 1895 முதல் 1898 வரை, 'ஸ்பிரே' என்னும் ஏறத்தாழ 37 அடி நீளமுள்ள கலத்தில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்தவர். ஒருவர் தனியாகச் செய்ததைச் சிலர் கூடிச் செய்தல் அரிதோ என்று வினா எழுந்தது. ஐந்தாண்டுகள் கழித்துப் புறப்படலாம் என்றார் கணவர். அதுவரை காத்திருப்பானேன், இப்போதே புறப்படுவோம் என்பது மனைவியார் கருத்து. ஏழாண்டு காலம் உலகின் தீவுகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் கண்டு உலாவி வருவதென முடிவாயிற்று. கலம் கட்டும் பணியும் தொடங்கிற்று.

அக்கலத்திற்கு 'ஸ்நார்க்' என்று பெயரிட்டனர். ஆங்கில வேடிக்கைப் பாட்டொன்றில் வரும் இல்லாத விலங்கின் பெயர் அது. வேறு பெயர் ஒன்றும் தோன்றவில்லை, ஆகையால் அப்பெயர் வைத்தோம் என்று ஜாக் கூறுவார். நீர்மட்டத்தில் ஏறத்தாழ 45 அடி நீளமும் 15 அடி அகலமும் உடையது. இரண்டு பாய்மரங்கள் கொண்டது. முன்மரம் பெரிது, பின்மரம் சிறிது. காற்று வலுக்கும்போது பெரிய பாயை இறக்கிவிட்டுச் சிறு பாய்களைக் கொண்டே கலத்தைச் செலுத்தலாம் என்பது இவ்வமைப்பின் நன்மை. துறைமுகத்துள் நுழையவும் காற்றில்லாத போது உதவவும் எழுபது குதிரை ஆற்றல் கொண்ட எந்திரம் ஒன்றும் வைத்தனர். கலத்தில் நீர் புகுந்தால் ஒரு பகுதியோடு நிற்கவேண்டும் என்று நீர்புகாத் தடுப்புச் சுவர்களும் அமைத்தனர்.

திட்டத்தில் ஒரு குறையுமில்லை. குறையெல்லாம் நிறைவேற்றத்தில் வந்தது. 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பெரு நிலநடுக்கமும் தீயும் அழித்தன. மரமும் இரும்பும் விலையேறின, தொழிலாளர் கிடைத்திலர். ஏழாயிரம் டாலரில் முடியும் என்று கணித்த கலம் முப்பதாயிரம் டாலரை விழுங்கிற்று. அக்டோபர்த் திங்களிற் புறப்பட எண்ணியவர்கள் 1907 ஏப்ரல் 23-ஆம் நாளே புறப்பட முடிந்தது. அப்போது ஜாக்குக்கு 31 வயது, சார்மியனுக்கு 35.

கரை மறைந்ததும் உண்மை வெளிப்பட்டது. கலத்தின் அடிப்பலகைகள் ஒழுகின. நீர்புகாத் தடுப்புகளின் வழியே நீர் புகுந்தது. எந்திரம் கழன்று கிடந்தது. எண்ணெய் கசிந்து உணவுப்பொருள்களைக் கெடுத்தது. பணம் கொடுத்து வாங்கிய காய்கனிகளிற் பாதி கடலில் எறியப்பட்டன. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. புயற்காலத்தில் பாய்க்கலத்தின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி, சிறிது பாய் மட்டும் விரித்து, அசையாது நிறுத்திவிடுவர். அலைகள் முகப்பில் மோதிப் பிரிந்து செல்லும். உள்ளே உள்ளோர் இளைப்பாறலாம். எளிய மீன்படகும் இதற்கு இணங்கும். ஸ்நார்க்கோ இணங்க மறுத்தது. எப்பாயை விரித்தாலும், எதை இறக்கினாலும், அது தன் விலாப்புறத்தையே அலைக்குக் காட்டிக்கொண்டு உருண்டது. வழவழப்பான மரமும் பித்தளைப் பூணும் கலத்திற்கு அழகு தரலாம். உயிர் தருவது கட்டுமானத்தின் நேர்மை. அதனை எவரும் கண்ணாற் கண்டு வாங்க இயலாமையே துன்பம்.

வழி கணிக்கும் பொறுப்பை ஏற்று வந்தவர் அவ்வித்தையை மந்திரம்போல் மறைத்து வைத்தார். ஜாக் நூலை எடுத்து, மேல்தளத்தில் அமர்ந்து, தாமே கற்றுக்கொண்டார். அவ்வித்தை யாது என்பதை இவ்விடத்திற் சுருங்கக் கூறுவோம். நடுக்கடலில் மலையும் மரமும் இல்லை. கதிரவனும் விண்மீன்களுமே அடையாளம். நண்பகலில் கதிரவன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு கோணம் உயர்ந்துள்ளது என்பதைச் செக்ஸ்டன்ட் என்னும் கருவியால் அளந்தால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தொலைவில் உள்ளோம் என்பது தெரியும். கிழக்கு மேற்குத் தொலைவை அறிதல் இதனினும் அரிது. உலகம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, இங்கிலாந்தில் கிரினிச்சு நகரின் நேரத்தை மாறாது காட்டும் கடிகாரம் ஒன்று கலத்தில் இருப்பின், நம் இடத்து நண்பகலுக்கும் அந்நகரத்து நண்பகலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு நாம் நிற்கும் தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். அக்கடிகாரம் ஒரே நிமிடம் பிழைபட்டால் நிலநடுக்கோட்டின் அருகே கலம் இருக்குமிடம் பதினைந்து கடல்மைல் தவறிவிடும். பவளப்பாறை நிறைந்த கடலில் பதினைந்து மைல் என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி. கணக்கு ஒவ்வாமல் மலைத்த மாணவன் இதனைக் கேட்டாவது கணக்கின்மேல் அன்பு கொள்வானாக!

ஜாக்கின் கணக்கு பலித்தது. இருபத்தேழாம் நாள் ஹவாய்த் தீவுகளை அடைந்தனர். பழுது பார்ப்பதற்காக அங்கே ஐந்து திங்கள் தங்கினர். வைகீகிக் கடற்கரையில் தீவினர் நீண்ட பலகைமேல் நின்று அலைமுகட்டில் ஏறிப் பறந்து வருவதைக் கண்டு ஜாக்கும் அதனைப் பயின்றார்; முதல் நாளே வெயிலால் உடல் வெந்து படுக்கையிற் கிடந்தார். மொலோகாய்த் தீவில் தொழுநோயாளர்களை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்புக்கு இணையர் இருவரும் சென்று தங்கினர். அந்நாளில் அந்நோயின் பெயரைக் கேட்டாலே மக்கள் அஞ்சி ஓடுவர். ஆங்குள்ளோர் பாடுவதையும், குதிரைப் பந்தயம் நடத்துவதையும், தம்மைப்போல் நகைத்து வாழ்வதையும் கண்டு ஜாக் எழுதிய கட்டுரை, வீணச்சத்தைக் குறைக்க முயன்றது. அந்நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. அன்று அவ்வாறில்லை என்பதை நினைந்தால் அவர்தம் துணிவு விளங்கும்.

அக்டோபர் 7-ஆம் நாள் ஹவாயின் ஹீலோத் துறையினின்று மார்க்கீசத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டனர். நேர்க்கோட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் மைல் தொலைவே. ஆயினும் பாய்க்கலத்திற்கு இவ்வழி ஆகாது என்று கடல்வழி நூல்கள் எச்சரித்திருந்தன. காரணத்தைக் கூறுவோம்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள வெப்பக்கடலில் வடகிழக்கிலிருந்தும், தெற்கே உள்ள கடலில் தென்கிழக்கிலிருந்தும் இடையறாது ஒரு காற்று வீசுகின்றது. வணிகக் கப்பல்களுக்கு உதவியமையால் இதனை வியாபாரக் காற்று என்பர். இவ்விரு காற்றுகளும் சேருமிடத்தில் வெப்பத்தால் காற்று மேலெழும்புகிறது. ஆகவே கடல்மட்டத்தில் காற்று ஓய்ந்து, வானம் கவிந்து, திடீர்த் திடீரென மழைப்புயல் மட்டும் தோன்றி மறையும். இது அமைதி மண்டலம். இனி, பாய்க்கலம் காற்றுக்கு நேர் எதிரே செல்ல இயலாது. ஓரளவு சாய்ந்து, இடமும் வலமும் மாறி மாறி வளைந்தே எதிர்க்காற்றில் முன்னேற வேண்டும். மார்க்கீசத் தீவுகளோ ஹவாய்க்குத் தெற்கே மட்டும் உள்ளன அல்ல. வெகுதூரம் கிழக்கேயும் உள்ளன. காற்று கிழக்கிலிருந்தே வருகிறது. ஆகவே அமைதி மண்டலத்தில் எப்பக்கத்திலிருந்தேனும் எழும் சிறு காற்றைப் பற்றிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகக் கிழக்கே நகர்ந்து, பின்னரே தெற்கே திரும்பவேண்டும். இல்லையேல் தென்கிழக்குக் காற்று கலத்தைத் தீவுகளுக்கு மேற்கே தள்ளிவிடும். திரும்பி வருதல் அரிது.

இவ்வாறு வாரங்கள் கழிந்தன. வேறொரு கப்பலின் பாயும் கண்ணிற் படவில்லை. பறவை மீன்கள் கூட்டமாக எழுந்து பறந்தன. அவற்றை நீரிலிருந்து பெருமீன்கள் துரத்த, வானிலிருந்து பறவைகள் பாய்ந்தன. இரவில் சில மீன்கள் தளத்தில் விழுந்து காலை உணவாயின. ஜாக் நாள்தோறும் ஆயிரம் சொற்கள் எழுதும் நோன்பைக் கைவிடவில்லை. 'மார்ட்டின் ஈடன்' என்னும் அவருடைய பெருங்கதை இக்கலத்தின் ஆட்டத்திலேயே வளர்ந்தது. சார்மியன் அதனைத் தட்டெழுத்தாக்கினார், தமக்குரிய முறையில் சுக்கானும் பிடித்தார், நாட்குறிப்பும் எழுதினார்.

அமைதி மண்டலத்தின் நடுவே ஓரிரவு ஒருவர் தண்ணீர்க்குழாயை மூடாமல் விட்டுவிட்டார். விடிந்து பார்த்தபோது குடிநீரிற் பாதி வீணாகிப் போயிருந்தது. எந்தக் கரையும் அணித்தாக இல்லை, காற்றும் இல்லை. அன்று முதல் ஒவ்வொருவருக்கும் தண்ணீரை அளந்து கொடுத்தனர். மாணவர்களே, நீர் நிறைய இருக்கும்போது நமக்கு நாவறட்சி அவ்வளவாகத் தோன்றுவதில்லை. இவ்வளவே உண்டு என்று அறிந்த கணத்தில் நெஞ்சு முழுதும் தாகமாகிவிடும். கலத்தைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் நீர். அதனைக் குடித்தாலோ, அவ்வுப்பை வெளியேற்ற உடல் தன்னகத்துள்ள நீரையே இழந்து விரைவில் அழியும். மழைமேகங்கள் இருபுறமும் பொழிந்துகொண்டே போயின. கலத்தின்மேல் துளியும் விழவில்லை. எத்தனையோ நாளாக வெறுத்த மழையை இப்போது வானத்தை நோக்கி வேண்டி நின்றனர். இறுதியில் ஒரு மேகம் இரங்கிற்று. பாய்த்துணியை விரித்து, மழையை ஏந்தி, தொட்டிகளை நிரப்பினர். அதன்பின் காற்றும் வந்தது. புறப்பட்ட அறுபதாம் நாள், டிசம்பர் 6-ஆம் நாள், நூக்குஹீவாத் தீவின் மலைகள் தோன்றின.

அத்தீவில் டைப்பீ என்னும் பள்ளத்தாக்கு உண்டு. 1842-இல் ஹெர்மன் மெல்வில் என்னும் அமெரிக்க மாலுமி கப்பலிலிருந்து ஓடிச் சென்று அங்குள்ள மக்களோடு தங்கி, பின்னர் அதனைப்பற்றி ஒரு நூல் எழுதினார். கட்டழகும் வலிமையும் உடைய பெருங்கூட்டமாக அம்மக்களை அவர் வருணித்திருந்தார். ஜாக் சிறுவனாய் இருந்தபோதே அந்நூலைப் படித்து, என்றேனும் ஒருநாள் அப்பள்ளத்தாக்கைக் காண்பேன் என்று உறுதி பூண்டவர். இப்போது குதிரைமேல் ஏறி அங்கே சென்றார். ஈரப்பலாவும் தென்னையும் காடாக வளர்ந்திருந்தன. வீடுகள் நின்ற கல்மேடைகள் கொடியால் மூடிக்கிடந்தன. நோயால் நலிந்த சிலரே எஞ்சியிருந்தனர். இருமல் ஒலி எங்கும் கேட்டது. வெளிநாட்டுக் கப்பல்கள் கொணர்ந்த நோய்களைத் தாங்கும் ஆற்றல் அத்தீவினரின் உடலில் இல்லாமையால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஓர் இனமே தேய்ந்துவிட்டது. இன்பச் சுற்றுலாவாகப் படிக்கத் தொடங்கிய நூல் இவ்விடத்தில் நம்மைத் தலைகுனிய வைக்கிறது.

தாகித்தித் தீவில் மீண்டும் பழுது பார்த்தனர். தென்பசிபிக் கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். அக்காலத்தில் பாதுகாப்பான துறையிலே தங்குதல் அறிவுடைமை. 1908 ஏப்ரலில் அங்கிருந்து புறப்பட்டு ராயாத்தியா, தகா, போராபோரா ஆகிய தீவுகளைக் கண்டனர். தகாத் தீவில் தெஹை என்பவரும் அவர் மனைவியும் முன்பின் அறியாத இவ்விருவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, மீனும் கோழியும் பழமும் படைத்து, தம் படுக்கையையும் விட்டுக்கொடுத்தனர். போராபோராவில் கல்லெறி மீன்பிடியைக் காட்டினர்: ஓடங்கள் அரைவட்டமாக நிற்க, கயிற்றிற் கட்டிய கற்களால் ஒரே தாளத்தில் நீரை அறைந்து, மீன்களைக் கரையை நோக்கி விரட்டுவர், கரையருகே பெண்டிர் வரிசையாக நீரில் நின்று வேலிபோல் மறிப்பர். அன்று எல்லாம் முறைப்படி நடந்தன. மீன் ஒன்றுகூட அகப்படவில்லை!

அத்தீவினரின் ஓடங்களைப்பற்றி ஒரு சொல். அவர்தம் முன்னோர் இரண்டு நீண்ட ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களாற் பிணைத்து, கருவி எதுவுமின்றி, விண்மீனையும் அலையின் போக்கையும் பறவையையும் நோக்கி ஆயிரக்கணக்கான மைல் கடந்து தீவுதோறும் குடியேறியவர்கள். அக்கலங்களில் விதைக்கிழங்கும் பன்றியும் கோழியும் ஏற்றினர், நாயையும் ஏற்றினர். நியூசிலாந்துக்கு முதன்முதல் நாய் சென்றது இவ்வாறே. இத்தகைய இரட்டை ஓடங்களை ஆங்கிலர் இன்று அழைக்கும் சொல் நம் 'கட்டுமரம்' என்பதன் திரிபு. பொருள் மாறினும் சொல் நம்முடையதே.

சமோவாத் தீவுகளைக் கடந்து பீஜித் தீவின் சுவாத் துறையை அடைந்தனர். 1879 முதல் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஸ்நார்க் அங்கு நங்கூரமிட்டபோது தமிழ்மக்களும் அத்தீவின் வயல்களில் உழைத்துக்கொண்டிருந்தனர்.

இனி, சாலமன் தீவுகள். குவாடல்கனால் தீவின் பெண்டஃப்ரின் என்னும் தென்னந்தோட்டத்தில் இணையர் சில காலம் தங்கினர். அப்பகுதியில் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் பாய்க்கப்பல்கள் தீவுதோறும் சென்று வந்தன. முற்காலத்தில் அத்தகைய கப்பல்கள் மக்களை ஏமாற்றியும் கடத்தியும் சென்றமையால், தீவினர் வெள்ளையரின் கலத்தைக் கண்டால் பழிவாங்க விரும்பினர். 'மினோட்டா' என்பது அக்கப்பல்களுள் ஒன்று. அதன் முந்தைய தலைவரை மலைத்தாத் தீவில் வெட்டிக் கொன்றிருந்தனர். அறைக்கதவில் கோடரி வெட்டுகள் அப்படியே இருந்தன. தளத்தைச் சுற்றி முள்கம்பி வேலி கட்டியிருந்தது. ஜாக்கும் சார்மியனும் அக்கப்பலில் மலைத்தாவைக் காணச் சென்றனர். செல்லாதிருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அவர்கள் என்னைக் கேட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர்.

மினோட்டாவில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. ஐரிஷ் டெரியர் இனத்தது. பெகி என்பது பெயர். மலைத்தாவின் மாலு என்னும் இடத்தில் கப்பல் காற்றிலும் நீரோட்டத்திலும் சிக்கிப் பவளப்பாறைமேல் ஏறியது. ஒவ்வோர் அலைக்கும் கலம் எழுந்து பாறைமேல் இடியென விழுந்தது. சுற்றிலும் ஓடங்கள் கூடின. கரையில் ஆயுதம் ஏந்தியோர் திரண்டனர். உடைந்த கலம் கொள்ளைக்கு உரியது என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. கரையில் இருந்த மதபோதகர் ஒருவர் துணைநின்றார். செய்தி கொண்டுசெல்லத் துணிந்தோருக்குப் பரிசு கூறி அனுப்ப, 'யூஜெனி' என்னும் கப்பல் உதவிக்கு வந்தது. பெருமுயற்சிக்குப் பின் மினோட்டா பாறையினின்று விடுபட்டது. அத்துயர நாள்களைச் சார்மியனோடு பெகியும் கண்டது. அக்குட்டியின்மேல் உள்ளம் ஒன்றிய அம்மையார் அதனைப் பிரிய மனமின்றித் தம்முடன் ஸ்நார்க்குக்குக் கொண்டுவந்தார்.

கலத்தில் நாய் எதற்கு என்று சிலர் கேட்பர். காவலுக்கு என்பது முதல் விடை. காரிருளில் துடுப்பொலியின்றி நெருங்கும் ஓடத்தை மனிதர் அறியுமுன் நாயின் செவியும் மூக்கும் அறியும். நெடுங்கடலில் துணை என்பது அதனினும் பெரிய விடை. ஆயினும் நாய்க்கு இவ்வாழ்வு எளிதன்று. அதற்கும் குடிநீர் பங்கிடவேண்டும். வெயிலில் காயும் தளம் அதன் பாதத்தைச் சுடும். ஓரலையால் அது கடலில் விழுந்தால், பாய்க்கலத்தைத் திருப்பி வருவதற்குள் அச்சிறு தலை அலைகளிடையே மறைந்துவிடும். இக்காலத்தில் நாயோடு தீவுகளைச் சுற்றும் இளந்தம்பதியர் தளத்தைச் சுற்றி வலை கட்டி, நாய்க்கு மிதவைச் சட்டையும் அணிவிக்கின்றனர். அவர்களுக்கு வேறொரு தடையும் உண்டு. வெறிநாய்க்கடி நோய் நுழையாத தீவுகள் அதனைத் தடுக்கக் கடுஞ்சட்டம் இயற்றியுள்ளன. ஹவாயில் இச்சட்டம் 1912 முதல் உள்ளது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தடுப்பூசியும் குருதிச் சோதனையும் தனித்தங்கலும் இன்றி நாயைக் கரையில் காலூன்ற விடா. கடலை வென்று வந்த நாய் துறைமுகத்தில் தாளுக்காகக் காத்திருக்கும்.

சாலமன் தீவுகளிலேயே பயணத்தின் முடிவும் கருக்கொண்டது. குளிர்காய்ச்சல் கலத்தில் உள்ளோர் அனைவரையும் மாறி மாறி வாட்டியது. சிறு கீறலும் ஆறாத புண்ணாகப் பரவியது. ஜாக் அப்புண்களுக்குப் பாதரசம் கலந்த நஞ்சுமருந்தைப் பூசினார். அக்கால வழக்கம் அது. இவற்றோடு, மருத்துவர் எவரும் கண்டறியாத நோயொன்று அவர் கைகளைப் பற்றியது. கைகள் வீங்கின, தோல் அடுக்கடுக்காக உரிந்தது, கயிற்றைப் பிடிக்கவும் இயலவில்லை. பாய்க்கலத்தில் கயிறு பிடிக்க இயலாதவன், பேனா பிடிக்க இயலாத எழுத்தாளனைப் போன்றவன்; அவருக்கு இரண்டும் ஒருங்கே நேர்ந்தன.

நீராவிக் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைந்து, மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். ஐந்து வாரம் மருத்துவமனை. அதன்பின் ஐந்து திங்கள் விடுதிவாழ்வு. கைகள் தேறவில்லை. வெப்பநாட்டுக் கதிரவனின் ஒளியே தம் தோலை அழிக்கிறது என்று பின்னர் நூலொன்றைப் படித்து அவர் கருதினார். அப்பாதரச மருந்தே தீங்கு செய்திருக்கலாம் என்று ஐயுறுவாரும் உளர். ஏழாண்டுப் பயணத்தை இரண்டாண்டுக்குள் நிறுத்த முடிவு செய்தார். அதனைக் கேட்டபோது சார்மியன் அழுதார். புயலுக்கும் கோடரிக்கும் அழாதவர், கலத்தைவிட்டு இறங்கவேண்டும் என்றதற்கு அழுதார். முப்பதாயிரம் டாலர் விழுங்கிய ஸ்நார்க், அதில் ஒரு சிறுபங்கு விலைக்கு விற்கப்பட்டது. 1909 ஜூலையில் இருவரும் கலிபோர்னியாவை அடைந்தனர். பிறந்த மண்ணில் ஜாக்கின் கைகள் தாமே குணமாயின.

இப்பயணத்தைப்பற்றிய ஜாக்கின் நூல் 1911-இலும், சார்மியனின் நாட்குறிப்பு நூல் 1915-இலும் வெளிவந்தன. இரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தல் நன்று. கணவர் நகைச்சுவையோடு கடந்துபோன இடங்களை மனைவியார் நின்று நோக்கி எழுதியிருப்பார். ஜாக்கின் எழுத்தில் தம் இனமே உயர்ந்தது என்னும் அக்கால வெள்ளையரின் செருக்கு ஆங்காங்கே தலைகாட்டும். தம்மை விருந்தோம்பிய தெஹையைப் போற்றிய அதே கை, சாலமன் தீவினரைப்பற்றிக் கடுஞ்சொல் எழுதியது. படிப்போர் அதனை அறிந்து படித்தல் வேண்டும்.

ஜாக் 1916 நவம்பரில், நாற்பது வயதிலேயே மறைந்தார். மறுவாண்டு 'தீவுகளின் ஜெர்ரி' என்னும் அவருடைய கதை நூலாக வந்தது. கதைத்தலைவன் சாலமன் தீவின் தோட்டமொன்றிற் பிறந்த ஐரிஷ் டெரியர் நாய். ஆள் சேர்க்கும் கப்பலொன்றில் ஏற்றப்பட்டு, மலைத்தாக் கரையில் தலைவனை இழந்து, தீவினரிடையே அகப்பட்டு, பின்னர் ஒரு பாய்க்கலத்தில் வரும் கணவன் மனைவியரால் அந்நாய் காப்பாற்றப்படுகிறது. கறுத்த மேனியரைக் கண்டால் குரைக்கவும் கடிக்கவும் அதற்குக் குட்டிப் பருவத்திலேயே கற்பித்திருந்தனர் என்று அக்கதை கூறுகிறது. பார்வையிழந்த தீவு முதியவர் ஒருவர் அதனை அன்போடு வளர்த்து, அதன் மொழியை அறிய முயலும் பகுதியும் அதிலேயே உள்ளது. அப்பகுதியைப் படிக்கும்போது, மினோட்டாவின் தளத்தில் அலைக்கு அலை சறுக்கி விழுந்து எழுந்த பெகியின் உருவமே என் மனக்கண்முன் வந்து நிற்கிறது.